ஒட்டுப்போட்ட இடத்திலேயே மறுபடியும் பள்ளம்: சாலைக்கு அடியில் மண்ணுக்கு என்ன ஆகிறது?

சாலை போட்டு ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் உட்கார்ந்துவிடும். ஒட்டுப்போடுவார்கள். அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடியும் இறங்கும். உடனே எல்லோருக்கும் தோன்றுவது, தார் சரியில்லை, கலவையில் ஏமாற்றிவிட்டார்கள் என்பதுதான். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சுற்றிலும் சாலை நன்றாக இருந்து, ஒரே இடம் மட்டும் திரும்பத் திரும்ப இறங்குகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு தாரில் இல்லை, அதற்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் கீழே மண்ணில் இருக்கிறது. மேலே எத்தனை தடவை பூசினாலும் அது தீராது.

அந்த மண்ணுக்கு மேலே ஓடும் வண்டிகள் என்ன செய்கின்றன, தண்ணீர் அதில் எங்கே வந்து சேர்கிறது, நகரச் சாலைகள் ஏன் நெடுஞ்சாலைகளைவிட விநோதமாகப் பழுதாகின்றன என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

சாலை செய்யும் வேலை என்ன?

சாலை என்றால் நம் கண்ணில் படுவது மேலே உள்ள கருப்புப் பூச்சு மட்டும். அதற்குக் கீழே ஜல்லி அடுக்கு, அதற்கும் கீழே சரளையோ மணல் கலந்த ஜல்லியோ போட்ட இன்னொரு அடுக்கு, எல்லாவற்றுக்கும் கீழே இயற்கையான மண். அந்த மண்ணின் மேல்பகுதியைச் சமன்செய்து, ரோலர் ஓட்டிக் கெட்டிப்படுத்தி வைத்திருப்பார்கள். அதற்கு அடிமண் என்று பெயர். வண்டியின் எடையைக் கடைசியில் தாங்குவது இந்த அடிமண்தான். மேலே இருக்கும் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து செய்யும் முக்கிய வேலை இரண்டே: சக்கரத்தின் சுமையை அகலமாகப் பரப்பிவிடுவது, தண்ணீரை அடிமண் பக்கம் போகவிடாமல் தடுப்பது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அடிமண் மாட்டிக்கொள்கிறது.

சுமை எப்படிக் கீழே இறங்குகிறது?

ஒரு லாரிச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அது தாங்குவது 4 டன், டயரில் உள்ள காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 7 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் சாலையை அழுத்தும் அழுத்தமும் ஏறக்குறைய அதே 7 கிலோதான். அப்படியானால் சாலையைத் தொடும் பரப்பு சுமார் 570 சதுர செ.மீ., அதாவது 13.5 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டம். சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில் 4 டன் நிற்கிறது.

பரப்பின்மேல் வைக்கும் சுமை மண்ணுக்குள் எப்படிப் பரவும் என்பதற்கு பிரெஞ்சுக் கணிதவியலாளர் பூசினெஸ்க் 1885-லேயே ஒரு வாய்ப்பாடு தந்துவிட்டார். சாலை அடுக்கு எதுவும் இல்லாமல், சக்கரம் நேராக ஒரே சீரான தரையில் நிற்பதாக வைத்து அந்த வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்தால், சக்கரத்துக்கு நேர் கீழே சதுர செ.மீ.க்கு இப்படி வருகிறது:

1. 15 செ.மீ. ஆழத்தில்: சுமார் 4.1 கிலோ
2. 30 செ.மீ. ஆழத்தில்: சுமார் 1.7 கிலோ
3. 50 செ.மீ. ஆழத்தில்: சுமார் 0.7 கிலோ
4. 1 மீட்டர் ஆழத்தில்: 0.2 கிலோவுக்கும் சற்றுக் குறைவு

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆழம் இரண்டு மடங்கானால் அழுத்தம் பாதியாவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது. 15 செ.மீ. கூடுதலாக ஜல்லி போடுவதா வேண்டாமா என்பது சின்னச் சிக்கனமாகத் தெரியலாம், ஆனால் 15-லிருந்து 30-க்குப் போகும்போது மண்ணின் மேல் விழும் அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டாவது, ஒரு மீட்டர் மண்ணின் சொந்த எடையே சதுர செ.மீ.க்கு 0.18 கிலோ அளவில் வரும். அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் லாரி கொடுக்கும் அழுத்தமும், மேலே இருக்கும் மண்ணே கொடுக்கும் அழுத்தமும் ஏறக்குறைய சமம். அதற்குக் கீழே போகப் போக வண்டியின் பாதிப்பு மங்கிவிடுகிறது. ஆகவே வண்டிச் சுமையைப் பொறுத்தவரை ஆபத்தான பகுதி மேலிருந்து முதல் ஒரு மீட்டர்தான். நகரத்தில் குழாயும் கேபிளும் பெரும்பாலும் புதைந்திருப்பதும் அந்த ஒரு மீட்டரையும் அதை ஒட்டிய ஆழத்தையும் சுற்றித்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதற்கே வருவோம்.

நிஜச் சாலையில் கணக்கு இன்னும் கொஞ்சம் நல்லபடியாக இருக்கும். மேல் அடுக்குகள் மண்ணைவிட விறைப்பானவை என்பதால் சுமையை இன்னும் அகலமாகப் பரப்பும். கான்கிரீட் சாலையில் பலகை முழுவதும் சேர்ந்து சுமையை வாங்கிக்கொள்வதால் மண்ணுக்குப் போகும் அழுத்தம் மிகவும் குறைவு. ஆனால் கான்கிரீட்டுக்கு வேறு பலவீனம் உண்டு: அடியில் ஏதோ ஒரு மூலையில் மண் போய்விட்டால் பலகை அந்தரத்தில் நின்று, ஒரு நாள் மூலை ஒடிந்துவிடும்.

காரா, லாரியா: யார் காரணம்?

இப்போது கார்கள் பெரிதாகிவிட்டன, பேட்டரி வண்டிகள் எடை கூடுதல், அதனால்தான் சாலைகள் கெடுகின்றன என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கு அருகே 1958 அக்டோபர் முதல் 1960 நவம்பர் வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. ஆஷோ சாலைச் சோதனை என்று பெயர். சோதனைக்காகவே வளையம் வளையமாகச் சாலைகள் போட்டு, வெவ்வேறு எடையுள்ள லாரிகளை இரண்டு வருடம் ஓட்டி, எது எப்போது உடைகிறது என்று அளந்தார்கள். அதிலிருந்து கிடைத்ததுதான் நான்காம் படி விதி: அச்சுச் சுமை (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஓர் அச்சுத்தண்டின் மேல் வரும் எடை) இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு இல்லை, இரண்டை நான்கு தடவை பெருக்கினால் வரும் 16 மடங்கு. நான்கு என்பது தோராயம்தான். சாலையின் வகை, மண், எந்த மாதிரியான சேதம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். அந்தச் சோதனை முழுவதும் ஒரே வகைக் களிமண்ணின் மேல்தான் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும் உலகம் முழுக்க இன்றைக்கும் சாலைக் கணக்குகளில் இந்த விதியின் சாயல் இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு 8 டன் சுமையுள்ள அச்சை ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.

1. ஒன்றரை டன் கார், ஓர் அச்சுக்கு 0.75 டன்: சேதம் சுமார் 13,000-இல் ஒரு பங்கு.
2. இரண்டு டன் பேட்டரி கார், ஓர் அச்சுக்கு 1 டன்: சுமார் 4,000-இல் ஒரு பங்கு.
3. கூட்டம் நிறைந்த பேருந்தின் பின் அச்சு, 11 டன்: சுமார் மூன்றரைப் பங்கு.
4. அளவுக்கு மீறி ஏற்றிய லாரியின் அச்சு, 16 டன்: 16 பங்கு.

பேட்டரி கார் சாதாரணக் காரைவிட மூன்று மடங்கு சேதம் செய்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரே ஒரு அதிகபார அச்சு கடந்துபோவதற்கு ஈடாக அந்தக் கார் அச்சு 65,000 தடவைக்கு மேல் கடக்க வேண்டும். ஆகவே கார்களைக் குற்றம் சொல்வது வீண் வேலை. மண்ணை வதைப்பது கனரக வண்டிகள், அதிலும் அதிகபாரம். எடையை அதிக அச்சுகளுக்குப் பிரித்துவிட்டால் அதே சரக்கை ஏற்றிக்கொண்டே சேதத்தை வெகுவாகக் குறைக்க முடியும் என்பதும் இதே கணக்கிலிருந்துதான் வருகிறது.

மண்ணுக்குள் நடப்பது

சரி, அந்த அழுத்தம் மண்ணைப் போய்ச் சேர்ந்ததும் என்ன ஆகிறது? ஒரு லாரி கடந்ததும் மண் நசுங்கிப்போய் அப்படியே இருந்துவிடுவதில்லை. நல்ல சாலையில் லாரி நிற்கும் இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கீழே போய், வண்டி நகர்ந்ததும் மேலே வந்துவிடும். கிட்டத்தட்ட ஸ்பிரிங் மாதிரி. அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. மண் முழுதாகத் திரும்பி வருவதில்லை. மணல் துகள் ஒன்றின்மேல் ஒன்று சற்று நழுவியிருக்கும், களிமண் கட்டமைப்பு இம்மியளவு மாறியிருக்கும்.

அந்த மிச்சம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். பத்து லட்சம் தடவை அச்சுகள் கடந்தபின் ஒரு சாலையில் 20 மி.மீ. ஆழத்துக்குச் சக்கரத் தடம் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு விழுந்தது 0.00002 மி.மீ. கண்ணால் பார்க்கவே முடியாத அளவு. ஆனால் எந்த வண்டியும் அதைத் திரும்ப எடுத்துத் தருவதில்லை, ஒவ்வொன்றும் கூட்டிக்கொண்டே போகிறது.

இந்தக் கூட்டல் மூன்று கட்டமாக நடக்கும்.

1. முதல் கட்டம்: சாலை திறந்த புதிதில் மண்ணும் ஜல்லியும் வண்டிகளாலேயே இன்னும் கொஞ்சம் இறுகும். வேகமாக இறங்கி, பிறகு நிதானப்படும். கட்டும்போது ரோலர் சரியாக ஓட்டியிருந்தால் இது மிகக் குறைவு.
2. இரண்டாம் கட்டம்: வருடக்கணக்கில் மெதுவாக, சீராக. சாலையின் ஆயுளில் பெரும்பகுதி இங்கேதான் கழிய வேண்டும்.
3. மூன்றாம் கட்டம்: மண் தாங்கும் எல்லையை மீறியதும் இறுகுவது நின்று நழுவ ஆரம்பிக்கும். சக்கரத் தடம் கீழே போக, அதன் இரு பக்கமும் சாலை மேடாகப் புடைக்கும். இதற்குப் பிறகு வருடங்கள் இல்லை, மாதங்கள்தான்.

சுமை ஓர் எல்லைக்குள் இருந்தால் மண் கொஞ்சம் இறங்கிவிட்டு, பிறகு எத்தனை லட்சம் தடவை அழுத்தினாலும் ஸ்பிரிங் போலவே நடந்துகொள்ளும், மூன்றாம் கட்டத்துக்குப் போகவே போகாது. எல்லையைத் தாண்டிய சுமை அடிக்கடி வந்தால்தான் சரிவு. அதனால்தான் சராசரி எடையைவிட, அவ்வப்போது வரும் மிக அதிகமான எடைக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

உருளும் சக்கரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சக்கரம் நெருங்கி வரும்போது மண்ணை ஒரு சாய்வில் தள்ளுகிறது, நேர் மேலே வரும்போது கீழ்நோக்கி அழுத்துகிறது, கடந்து போகும்போது எதிர்ச்சாய்வில் தள்ளுகிறது. தரையில் நட்ட கம்பைப் பிடுங்க முன்னும் பின்னுமாக ஆட்டுவோமே, அந்த மாதிரி. ஒரே இடத்தில் நேராக அழுத்தி அழுத்தி எடுப்பதைவிட இது மண்ணை அதிகமாகத் தளர்த்துகிறது. ஆய்வுக்கூடத்தில் நேர் அழுத்தம் மட்டும் கொடுத்துப் பார்த்த மண், சாலையில் அதைவிட மோசமாக நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகமும் கணக்கில் வரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் சக்கரத்தின் சுமையை அரை மீட்டர் ஆழத்து மண் உணர்வது நூறில் ஆறு பங்கு விநாடி அளவுக்குத்தான். 6 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் அதே சுமை பத்து மடங்கு நேரம் மண்ணின் மேல் இருக்கும். பேருந்து நிறுத்தங்களிலும் சிக்னல் அருகிலும் சக்கரத் தடம் முதலில் விழுவது இதனால். அங்கே தாரும் சேர்ந்தே பாயும், பிரேக் பிடிக்கும்போது கிடைமட்டமாகவும் இழுபடும். எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடுகிறது.

தண்ணீர் வந்தால் கணக்கு மாறுகிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

மண் என்பது துகள்களும் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளிகளும். இடைவெளியில் காற்று இருக்கலாம், நீர் இருக்கலாம். மண்ணுக்கு வலு எங்கிருந்து வருகிறது என்றால், துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உராய்வதிலிருந்து. 1920-களில் ஆஸ்திரியப் பொறியாளர் கார்ல் டெர்சாகி இதைத் தெளிவாக்கினார்: மொத்த அழுத்தத்திலிருந்து இடைவெளியில் உள்ள நீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் துகள்களுக்கிடையே நிலவும் அழுத்தம், மண்ணின் வலுவை முடிவுசெய்வது அதுதான். நவீன மண் இயக்கவியலின் அடிப்படையே இந்தக் கழித்தல்தான்.

இதை வண்டியோடு சேர்த்துப் பாருங்கள்.

1. ஓரளவு ஈரமுள்ள, ஆனால் நிறையாத மண்ணில், துகள்களுக்கிடையே உள்ள கொஞ்ச நீர் அவற்றைச் சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது. ஈர மணலில் வீடு கட்டினால் நிற்கும், காய்ந்த மணலில் நிற்காது, அதே காரணம். இந்த இழுப்பு மண்ணுக்கு இலவசமாகக் கிடைக்கும் வலு.
2. நீர் கூடக் கூட அந்த இழுப்பு குறைகிறது. இடைவெளி முழுக்க நீர் நிறைந்ததும் அது இல்லாமலே போகிறது.
3. நிறைந்த மண்ணின் மேல் சக்கரம் ஏறும்போது நீர் வெளியேற வழி தேடும். மணலில் கிடைத்துவிடும். களிமண்ணில் நீர் நகர நாட்கணக்கில் ஆகும், சக்கரமோ நொடிக்குள் போய்விடுகிறது. ஆகவே சுமையில் பெரும்பகுதி நீரின் அழுத்தமாகவே ஏறிவிடும்.
4. அந்த அழுத்தம் வடிவதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டால் மிச்சத்தின் மேல் மிச்சமாகச் சேரும். துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைந்துகொண்டே வரும், மண் குழையும்.

நேற்று வரை தாங்கிய அதே லாரியை மழைக்குப் பிறகு அதே மண் தாங்காமல் போவது இப்படித்தான். லாரி மாறவில்லை, மண்ணின் எல்லை கீழே வந்துவிட்டது. குளிர் நாடுகளில் இதே கதை வேறு வேடத்தில் வரும்: குளிர்காலத்தில் மண்ணுக்குள் உறைந்த நீர் வசந்தத்தில் உருகும், கீழே இன்னும் உறைந்தே இருப்பதால் வடிய வழியில்லாமல் மேல்மண் சேறாகும். ஆஷோ சோதனையில் சாலைகள் அதிகமாக உடைந்ததும் அந்த உருகும் பருவத்தில்தான்.

அடுத்தது சேறு கக்குதல். சாலையில் விரிசல் வழியாக நீர் இறங்கி, ஜல்லிக்கும் அடிமண்ணுக்கும் இடையில் தேங்கி நிற்கிறது. ஒவ்வொரு சக்கரமும் அந்த நீரைப் பிதுக்குகிறது. பிதுங்கும் நீர் நுண்ணிய மண்ணைக் கரைத்துக்கொண்டு ஜல்லிக்குள் ஏறுகிறது, சில இடங்களில் விரிசல் வழியே சாலை மேலேயே வந்து வெளிறிய கறையாகப் படிகிறது. ஜல்லியின் வலு கல்லும் கல்லும் கடித்துப் பிடிப்பதில் இருக்கிறது, நடுவே சேறு புகுந்தால் பிடிப்பு போய்விடும். கீழேயோ, மண் போன இடத்தில் வெற்றிடம். கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வண்டல் கலந்த மண்தான் இதற்கு மிக மோசம்: களிமண்ணின் பிடிப்பும் இல்லை, மணலின் வடிகாலும் இல்லை.

நீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்பதும் யோசிக்க வேண்டியது. மேலிருந்து விரிசல் வழியாக வரும். பக்கத்தில் தேங்கிய மழைநீர் ஓரமாக உள்ளே கசியும். கீழே நிலத்தடி நீர், திரி எண்ணெயை உறிஞ்சுவது போல மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறும். மேலே தார் மூடியிருப்பதால் ஏறிய ஈரம் ஆவியாகவும் வழியில்லை. ஆகவே வெயில் காலத்திலும் சாலையின் நடுப்பகுதிக்கு அடியில் மண் ஈரமாகவே இருக்கலாம், ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் பருவத்துக்கேற்ப நனைந்து காயும். விரிந்து சுருங்கும் களிமண்ணாக இருந்தால் இந்த ஓரப்பகுதி ஏறி இறங்கி, சாலையின் நீளவாக்கில் விரிசல் விடும். அந்த விரிசல் அடுத்த மழைக்கு வாசல்.

இதனால்தான் அடிமண்ணின் வலுவைச் சோதிக்கும்போது மண்ணை நான்கு நாள் நீரில் ஊறவைத்த பிறகு சோதிப்பது வழக்கம். கலிஃபோர்னியாவில் 1920-களின் கடைசியில் உருவான சி.பி.ஆர். (கலிஃபோர்னியா தாங்குதிறன் விகிதம்) சோதனை அது. ஓர் உலக்கை போன்ற உருளையை மண்ணுக்குள் 2.5 மி.மீ. இறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று பார்த்து, நல்ல உடைகல்லுக்குத் தேவைப்படும் பலத்தோடு ஒப்பிடுவார்கள். கல்லுக்கு 100 என்றால், ஊறிய கொழுகொழுப்பான களிமண்ணுக்கு 2, 3, 5 என்றுதான் வரும். அந்த எண் எவ்வளவு சிறியதோ, மேலே அவ்வளவு தடிமனாக அடுக்குகள் வேண்டும்.

நகரச் சாலை ஏன் தனி ரகம்?

நெடுஞ்சாலையில் அடிமண் ஓரளவு ஒரே சீராக இருக்கும், ஒருமுறை போட்டால் பெரும்பாலும் யாரும் தோண்ட மாட்டார்கள். நகரத்தில் ஒரே தெருவின் கீழே குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர்க் குழாய், எரிவாயு, மின்சாரம், இணையக் கேபிள் எல்லாம் ஓடுகின்றன, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வருடத்தில் வெவ்வேறு ஆட்கள் தோண்டி மூடியிருப்பார்கள். அதாவது முக்கியமான அந்த முதல் ஒரு மீட்டர் பல நாடுகளின் வரைபடம் மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கிறது. வண்டி எல்லாத் துண்டையும் ஒரே எடையால்தான் அழுத்துகிறது, துண்டுகள் ஒரே அளவில் இறங்குவதில்லை.

தோண்டி மூடிய குழியில் நடப்பது இது. குறுகலான பள்ளத்துக்குள் ரோலர் இறங்காது. சரியான முறை, மண்ணை 15 அல்லது 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் அளவான ஈரத்தில் திமிசு போட்டு இறுக்குவது. அளவான ஈரம் என்பது சும்மா சொல்வதில்லை: ஈரம் குறைந்தால் துகள்கள் நகராது, கூடினால் நீரே இடத்தை அடைத்துக்கொள்ளும், நடுவில் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் மண் அதிகபட்சமாக இறுகும் என்று 1933-லேயே அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் காட்டிவிட்டார். ஆனால் நடப்பதோ, தோண்டிய மண்ணையே கட்டியும் கல்லுமாக மொத்தமாகத் தள்ளி, மேலே நாலு தட்டு தட்டி, பூசிவிடுவது. ஒன்றரை மீட்டர் ஆழக் குழியில் அப்படி நிரப்பிய மண் பிறகு வெறும் 5 சதவீதம் இறுகினாலே மேலே 7.5 செ.மீ. இறங்கிவிடும். வண்டிகளும் மழையும் அந்த 5 சதவீதத்தைச் சில மாதங்களில் வாங்கிவிடும்.

குழிக்கு வெளியேயும் சேதம் உண்டு, இது அதிகம் பேசப்படுவதில்லை. பள்ளம் திறந்து கிடக்கும்போது அதன் சுவர்களுக்குப் பக்கத்துப் பிடிமானம் போய்விடுகிறது, ஓரத்து மண் கொஞ்சம் உள்பக்கமாகத் தளர்கிறது. மூடிய பிறகும் அந்தத் தளர்ச்சி அப்படியே இருக்கும். அதனால்தான் ஒட்டுப்போட்ட செவ்வகத்துக்கு வெளியே, பழைய சாலையில், குழிக்கு இணையாக ஒரு விரிசல் வருகிறது. கவனமாகச் செய்பவர்கள் மேல்பூச்சைக் குழியின் அகலத்தைவிட இரு பக்கமும் 15 முதல் 30 செ.மீ. கூடுதலாக வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது இந்தத் தளர்ந்த ஓரத்தையும் மூடுவதற்காகத்தான்.

இறங்கிய ஒட்டும், துருத்தி நிற்கும் மேன்ஹோல் மூடியும் தாங்களாகவே சுமையைக் கூட்டும். சக்கரம் அதில் ஏறி விழும்போது மண் உணரும் பலம் வண்டியின் நிலையான எடையைவிட 20, 30 சதவீதம்கூட அதிகமாகலாம். 30 சதவீதம் என்றால் நான்காம் படிக் கணக்கில் சேதம் ஏறக்குறைய மூன்று மடங்கு, அதுவும் எப்போதும் விழும் அதே இடத்தில். மேன்ஹோலைத் தாண்டியதும் ஓர் அடி, இரண்டு அடி தள்ளி சாலை குழிந்திருப்பது தற்செயல் இல்லை.

உள்ளே உருவாகும் பொந்து

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. சாக்கடைக் குழாயில் விரிசலோ விலகிய இணைப்போ இருக்கிறது. மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது அந்த ஓட்டை வழியாக நீர் குழாய்க்குள் புகும், கூடவே மணலையும் நுண்மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். உடைந்த குடிநீர்க் குழாய் என்றால் பீய்ச்சும் நீரே மண்ணை அரித்து, பக்கத்துச் சாக்கடைக்குள் தள்ளிவிடும். மண் போக ஓர் இடம், போக வைக்க நீர், இரண்டும் இருந்தால் பொந்து உருவாகும்.

பொந்து உடனே வெளியே தெரியாது. மேலே மிஞ்சிய மண் வளைவு மண்டபம் போலத் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும், அதற்கும் மேலே தார் அடுக்கு மூடியாக நிற்கும். வண்டிகள் ஓடும்போது அந்த வளைவின் உள்பக்கத்திலிருந்து மண் சிறிது சிறிதாக உதிரும், பொந்து மேல்நோக்கி ஏறும். ஆழத்தில் இருந்தபோது வண்டியின் அழுத்தம் அதற்குப் பெரிதாக எட்டவில்லை. ஒரு மீட்டருக்குள் வந்ததும், முதலில் பார்த்த அந்த எண்கள் வேலையைக் காட்டத் தொடங்கும். கடைசியில் விழவைப்பது ஒரு லாரியாக இருக்கலாம், ஆனால் பொந்தைத் தோண்டியது லாரி இல்லை.

ஜப்பானின் சைதாமா மாகாணத்தில் யாஷியோ நகரில் 2025 ஜனவரி 28 அன்று ஒரு சந்திப்பில் சாலை திடீரென உள்வாங்கி, ஓடிக்கொண்டிருந்த லாரி உள்ளே விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். சுமார் 10 மீட்டர் ஆழத்தில், 4.75 மீட்டர் விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய் ஒன்று சேதமடைந்து மண் அதற்குள் போயிருந்தது. 1980-களில் பதித்த குழாய். அடுத்த நாட்களில் பள்ளம் விரிந்துகொண்டே போக, மீட்புப் பணியே ஆபத்தாகிவிட்டது, சுற்றுவட்டாரத்தில் சுமார் 12 லட்சம் பேரிடம் தண்ணீர் பயன்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள். பராமரிப்புக்குப் பெயர்பெற்ற நாட்டிலேயே இது நடந்தது என்பதை நினைத்தால், பழைய குழாய்களின் மேல் ஓடும் சாலைகளை எவ்வளவு அக்கறையோடு பார்க்க வேண்டும் என்று புரியும்.

அதிர்வால் வீடு பாதிக்குமா?

கனரக வண்டி போகும்போது ஜன்னல் அதிர்கிறது, வீடு விரிசல் விடுமா என்பது நிறையப் பேரின் பயம். வண்டி அதிர்வுகள் பெரும்பாலும் விநாடிக்கு 5 முதல் 25 முறை என்ற அளவில் தரை வழியே பரவும், தூரம் கூடக் கூடக் குறையும். மனிதர்கள் அதிர்வை மிக எளிதில் உணர்ந்துவிடுவார்கள், தரை விநாடிக்கு 0.3 மி.மீ. வேகத்தில் அசைந்தாலே தெரிந்துவிடும். சுவர்ப் பூச்சில் விரிசல் வர அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே சமமான சாலையில் போகும் வண்டியால் நல்ல கட்டடத்துக்கு நேரடிச் சேதம் வருவது அரிது. விதிவிலக்கு, இறுகாத மணல் நிரப்பிய இடம். அங்கே நீண்டகால அதிர்வு மணலைக் குலுக்கி இறுக்கும், தரை கொஞ்சம் இறங்கலாம். வாசல் சாலையில் உள்ள ஒரு மேட்டையோ பள்ளத்தையோ சரிசெய்தாலே பெரும்பாலான இடங்களில் அதிர்வு வெகுவாகக் குறைந்துவிடும்.

மேலே தெரியும் அடையாளங்கள்

1. அகலமான, ஆழம் குறைந்த சக்கரத் தடம்: அடிமண் இறங்குகிறது. குறுகலான, ஓரங்கள் கூர்மையாகப் புடைத்த தடம் என்றால் தார் அடுக்கு பாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.
2. முதலைத் தோல் போன்ற பின்னல் விரிசல், அதோடு குழிவும் சேர்ந்திருந்தால்: மேல் அடுக்கு கீழே போதிய தாங்கல் இல்லாமல் வளைந்து வளைந்து களைத்துவிட்டது.
3. விரிசலில் சேறு அல்லது வெளிறிய கறை: சேறு கக்குதல்.
4. நேர்கோட்டில் நீளும் குழிவு: பழைய குழி மூடிய தடம்.
5. வட்டமாக, மழைக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகும் குழிவு, தட்டினால் வெற்றொலி: பொந்தாக இருக்கலாம். இது ஒன்றை மட்டும் அடுத்த நாளைக்கு என்று தள்ளக் கூடாது. வண்டிகளைத் திருப்பிவிட்டு உடனே சொல்ல வேண்டும்.

எதைச் சரிசெய்ய வேண்டும்?

முதலில் தண்ணீர். ஓர வடிகால் சுத்தமாக இருப்பதும், விரிசல்களை மழைக்கு முன்பே அடைப்பதும், கசியும் குழாயை உடனே பார்ப்பதும்தான் அடிமண்ணுக்குச் செய்யும் பெரிய உபகாரம். வடிகால் இல்லாமல் இரு பக்கமும் கான்கிரீட் கட்டிய சாலை, அடைத்த தொட்டி மாதிரி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதன் மேல் எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் பாதி வீண்.

மண்ணே பலவீனமாக இருந்தால் வழிகள் உண்டு. களிமண்ணோடு சுண்ணாம்பு கலந்தால் அது விரிந்து சுருங்குவது குறையும், வலு கூடும். மணற்பாங்கான மண்ணுக்குச் சிமெண்ட். ஜல்லிக்கும் அடிமண்ணுக்கும் நடுவே ஒரு செயற்கை இழைத் துணியை விரித்தால் நீர் போகும், சேறு ஏறாது. தடிமன் ஒரு மில்லிமீட்டர் சொச்சமுள்ள இந்தத் துணி ஒரு ஜல்லி அடுக்கையே காப்பாற்றும்.

குழி மூடுவதற்கு, தானாகவே பாய்ந்து நிரம்பும் வலுக்குறைந்த சிமெண்ட் கலவையை ஊற்றுவது இப்போது பல நகரங்களில் இருக்கிறது. திமிசு வேண்டாம், பிறகு இறங்காது, தேவைப்பட்டால் மறுபடி தோண்டவும் முடியும். செலவு கூடுதல்தான், ஆனால் அதே குழியை மூன்று தடவை ஒட்டுப்போடும் செலவோடும் அதில் விழுபவர்களின் எலும்போடும் ஒப்பிட்டுத்தான் அதைக் கணக்கிட வேண்டும்.

மேலே ஒரு புதிய பூச்சுப் போடுவதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் கருவிகள் இருக்கின்றன. ஒரு எடையைச் சாலைமேல் விழவைத்து, சுற்றிலும் சாலை எவ்வளவு வளைகிறது என்று அளப்பார்கள். எடைக்கு அருகில் உள்ள வளைவு எல்லா அடுக்குகளையும் சேர்த்துச் சொல்லும், ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி அளக்கும் வளைவு அடிமண்ணின் நிலையைச் சொல்லும். தரைக்குள் ரேடார் அலை அனுப்பினால் பொந்துகளும் குழாய்களும் ஓரளவு தெரியும். ஈரமான களிமண்ணில் அந்த அலை ஆழமாகப் போகாது என்பதால் அங்கே துளைபோட்டுப் பார்ப்பதும் சேர வேண்டும். ஒரே இடம் இரண்டாவது தடவை இறங்கும்போது, மூன்றாவது ஒட்டுக்கு முன்னால் இந்தச் சோதனைகளில் ஏதாவது ஒன்றைச் செய்தார்களா, அடியில் ஓடும் குழாயை யாராவது உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்களா என்று கேட்பது சாலையில் நடக்கும் எவருக்கும் உரிமையுள்ள கேள்வி.